தில்லி லோடு

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்து லாரிகள் தலைநகருக்கு ஓடிய காலம், அவற்றை ஓட்டியவர்களின் நினைவில் எப்படி நிற்கிறது என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

சேலத்திலிருந்து தில்லி 2,300 கிலோமீட்டருக்கு மேல். பழைய ஓட்டுநரிடம் கேட்டால் அவர் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார். எந்தச் செக்போஸ்ட்டில் எத்தனை மணி நேரம் நின்றது, எந்தப் புக்கிங் ஆபீஸ் வாசலில் எத்தனை நாள் கிடந்தது, எந்த எல்லையில் இருட்டும் வரை காத்திருந்தது என்றுதான் சொல்வார். 1960-களிலிருந்து 1990-கள் வரையிலான சாலைச் சரக்குப் போக்குவரத்துக்கு அதைவிடச் சரியான கணக்கு இல்லை. லாரித் தொழில் என்றால் ஓட்டம் என்று ஊர் நினைக்கிறது. ஓட்டியவர்கள் பேசுவதோ பெரும்பாலும் நின்றதைப் பற்றி. வாடகை டன்னுக்கு, அல்லது நடைக்கு. நின்ற நாளுக்கு வாடகை உண்டா? பெரும்பாலும் இல்லை. அந்த நஷ்டம் உரிமையாளரின் பணத்திலும், ஓட்டுநர், கிளீனர் இருவரின் உடம்பிலும் இறங்கியது.

முதலில் ஒரு கேள்வி. இந்த மூன்று ஊர்கள் ஏன்? கடல் இல்லை, துறைமுகம் இல்லை, பெரிய சந்தை நகரமும் இல்லை. மழை குறைந்த மேட்டாங்காடு. கிணறு வற்றினால் வெள்ளாமை போச்சு. கிணற்றை நம்பிப் பயனில்லை என்று கண்ட குடும்பங்கள் காட்டை அடகு வைத்தும் நகையை விற்றும் லாரி வாங்கின. தனியாக வாங்க முடியாதவர்கள் பங்கு சேர்ந்து வாங்கினார்கள். பங்காளிகளில் ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், இன்னொருவர் கணக்கைப் பார்த்தார். கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, பிறகு ஒரு வண்டிக்கு உரிமையாளரானவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். 1950-களின் நடுவில் நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள் எழுந்தன. தொழிற்சாலையிலிருந்து சேசிஸ் மட்டும் வரும். கேபினும் சரக்குப் பெட்டியும் மரத்திலும் இரும்பிலும் இங்கே கட்டப்படும். பிற மாநிலத்தவரும் சேசிஸை ஓட்டிக்கொண்டு வந்து பாடி கட்டிப் போனார்கள். பின்னாளில் சமையல் எரிவாயு டேங்கருக்கு நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடும் பெயர் பெற்றன. தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்கள் நாடு முழுவதும் போய்க் கிணறு போட்டார்கள் என்பது இந்த வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

தில்லிக்கு இங்கிருந்து என்ன போனது? சேலத்து ஜவ்வரிசி போனது. ஈரோட்டு மஞ்சள் போனது. தேங்காய் போனது, சிவகாசித் தீப்பெட்டியும் பட்டாசும் போயின, கோவை மோட்டார் பம்பு போனது, திருப்பூர் பனியன் போனது. வடக்கே நவராத்திரி விரதத்தில் தானியத்தை ஒதுக்குபவர்கள் ஜவ்வரிசிக் கிச்சடி உண்பார்கள். அந்த விரதத்துக்கு முன்பே மூட்டை தில்லி வந்து சேர்ந்தாக வேண்டும். ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் 1981-இல் சேலத்தில் ‘சேகோசர்வ்’ என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். மூட்டை 90 கிலோ. 9 டன் ஏற்றும் இரண்டு அச்சு லாரிக்கு 100 மூட்டை, கணக்கு சுலபம். ஆனால் 100-இல் எந்த லாரி நின்றது? கூடுதலாக ஏற்றுவதே வழக்கமாக இருந்தது. அபராதம் கட்டினால் அதே வண்டி அதே பாரத்தோடு புறப்பட்டுப் போகலாம் என்ற நிலையை உச்ச நீதிமன்றம் 2005 நவம்பரில் கண்டித்து நிறுத்தச் சொன்னது. பழைய ஓட்டுநர்கள் பலர் இந்தக் கூடுதல் பாரத்தைத் திறமைக் கணக்கில் சேர்த்தே பேசுவார்கள். உடைந்த பட்டைகளும் வெடித்த டயர்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

அடுத்து, பர்மிட். இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காத்திருப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. நாடு விடுதலை பெற்றபின் 1950-51-இல் சரக்குப் போக்குவரத்தில் ஏறக்குறைய 89 சதவீதம் ரயிலில் போனது. ரயிலின் முதன்மையைக் காக்கும் நோக்கம் 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருந்தது. ஒரு மாநிலத்தில் வாங்கிய பர்மிட் அடுத்த மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் அங்கே மேலொப்பம் வேண்டும். மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, இத்தனை வண்டிக்குத்தான் மேலொப்பம் என்று எண்ணி வைத்துக்கொண்டன. எல்லை தாண்ட முடியாத வண்டி சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டுத் திரும்பும். மினூ மசானி தலைமையிலான குழு 1959-லேயே இந்தக் கட்டுகளைத் தளர்த்தச் சொன்னது. பிறகு மண்டல பர்மிட் வந்தது. தென் மாநிலங்களுக்குள் வண்டி தாராளமாக ஓடியது. 1974 மே மாதம் ரயில்வே ஊழியர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது, லாரி இல்லாமல் நாடு நகராது என்பது அரசுக்கே தெரிந்தது. மறு ஆண்டு, 1975-இல், நேஷனல் பர்மிட் வந்தது. சொந்த மாநிலத்தோடு இன்னும் நான்கு மாநிலமாவது சேர்த்து எடுக்க வேண்டும். தொடக்கத்தில் மாநிலத்துக்கு இத்தனை என்று ஒதுக்கீடும் இருந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக வங்கி டிராஃப்ட் எடுத்துக் கட்ட வேண்டும். டிராஃப்ட் ஒன்று குறைந்தால் போதும், வண்டி எல்லையில் ஓரம் கட்டப்படும்.

1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகள், நேஷனல் பர்மிட் லாரி காய்ந்த இலையின் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும், வெள்ளைக் கரை போட்டிருக்க வேண்டும் என்றன. அந்த நிறத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த அவையிலும் இருக்கக் கூடும். அதே விதிகள் இன்னொன்றும் சொல்லின: இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும், இரண்டாமவர் கால் நீட்டிப் படுக்கக் கேபினின் முழு அகலத்துக்கும் ஓர் இருக்கை வேண்டும். நிறம் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டது. இரண்டாவது ஓட்டுநர்? பல வண்டிகளில் அந்த இடத்தில் உரிமம் இல்லாத கிளீனர்தான் இருந்தார். 2018-இல் இரண்டு ஓட்டுநர் கட்டாயமே நீக்கப்பட்டது.

வழி எது? சேலத்திலிருந்து வடக்கே கிளம்பினால் முதல் சோதனை தொப்பூர் கணவாய். பிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரி, பெங்களூர், அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத். அங்கிருந்து நிர்மல், ஆதிலாபாத் தாண்டி நாக்பூர். நாக்பூருக்கு மேலே சிவனி, லக்னாதோன் வரை காடு. அப்புறம் சாகர், லலித்பூர், ஜான்சி, குவாலியர், முரைனா, தோல்பூர், ஆக்ரா, மதுரா. நாக்பூர் தாண்டி லக்னாதோன் வரை அது அன்றைக்கு 7-ஆம் எண் நெடுஞ்சாலை. எண்கள் மாற்றப்பட்டபின் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண். அன்று ஒற்றைத் தடச் சாலை, எதிரே வரும் வண்டிக்காக ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டும். யார் இறக்குவது என்பதில்தான் பாதிச் சண்டை.

வண்டிகள் எப்படிப்பட்டவை? டைம்லர் பென்ஸ் கூட்டுறவில் டாடா 1954-இல் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரச் சின்னம் போய்விட்டபின்னும் ஓட்டுநர்களின் வாயில் அது ‘பென்ஸ்’ வண்டியாகவே இருந்தது. எண்ணூரிலிருந்து அசோக் லேலண்டின் காமெட் வந்தது. பவர் ஸ்டியரிங் இல்லை. பாரம் ஏற்றிய வண்டியை நின்ற இடத்தில் ஒடிக்கத் தோள் வலிமை வேண்டும். பழைய கியர் பெட்டிகளில் கியரை நேராகத் தள்ள முடியாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, விட்டு, ஆக்சிலேட்டரில் ஒரு மிதி கொடுத்து, மறுபடி கிளட்சை மிதித்து, சத்தத்தைக் காதால் அளந்து, கீழ்க் கியருக்குத் தள்ள வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் இது தவறினால் கியர் விழாது, வண்டி நியூட்ரலில் உருளும், பிரேக் சூடேறும். கிளீனர் கையில் கட்டையோடு கதவைத் திறந்து படியில் நிற்பார். வண்டி பின்வாங்கினாலோ நின்றாலோ குதித்துச் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டியது அவர் வேலை. கேபினில் எஞ்சின் கூடு நடுவிலே. ஆதிலாபாத்தின் மே மாத வெயிலில் வெளியே காயும், உள்ளே வேகும்.

லோடு ஏற்றி முடிந்ததும் தார்ப்பாய் கட்டுவது தனிக் கலை. மேலே ஏறிய கிளீனர் தார்ப்பாயை முன்பக்கமிருந்து விரித்து வருவார், காற்று பிடிக்காதபடி மடிப்பைப் பின்நோக்கிப் போடுவார். கீழே நிற்கும் ஓட்டுநர் கயிற்றைக் கொக்கியில் மாட்டி, ஒரு காலை பாடியில் ஊன்றி, உடல் எடை முழுவதையும் போட்டு இழுப்பார். மஞ்சள் மூட்டையும் ஜவ்வரிசி மூட்டையும் ஒரு மழையில் நனைந்தால் லோடே பாழ். மண்டிக்காரர் வாடகையில் பிடித்துவிடுவார். அதனால் மழைக்காலத்தில் வழியெங்கும் தினமும் கயிற்றைத் தட்டிப் பார்ப்பது, சாமி கும்பிடுவதற்கு அடுத்த வேலை.

சாப்பாடு? பம்ப் ஸ்டவ், அலுமினியப் பானை, புழுங்கல் அரிசி, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் வண்டியிலேயே. நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி, வண்டியின் காற்று படாத பக்கத்தில் ஸ்டவ்வை வைத்துச் சோறு ஆக்குவார்கள். அரிசி தீர்ந்தபின் தாபாவின் ரொட்டியும் பருப்பும். சாப்பிட்டவருக்குக் கயிற்றுக் கட்டில் இலவசம். வடக்கத்தி ஓட்டுநரை அவர் கிளீனர் ‘உஸ்தாத்’ என்பார். தமிழ் ஓட்டுநரைக் கிளீனர் ‘அண்ணா’ என்பார், வயது மூத்தவரானால் ‘மாமா’. எல்லோருக்கும் சேர்த்து வழியெங்கும் கிடைத்த பெயர் ‘மதராசி’. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த அதே மாநிலத்தில், பள்ளிக்கூடம் தாண்டாத இந்த மனிதர்கள் ஆசிரியரும் புத்தகமும் இல்லாமல் இந்தி கற்றார்கள். இலக்கணம் தேவைப்படவில்லை. செக்போஸ்ட்டில் பேரம் பேசவும், பஞ்சர் கடையில் சண்டை போடவும் வந்தால் போதும்.

சம்பல் பள்ளத்தாக்கை விட்டுவிட்டு எந்தத் தில்லி ஓட்டுநரும் கதை சொல்வதில்லை. முரைனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே ஆறு. இருபுறமும் மண் அரித்த பள்ளங்கள். பொழுது சாய்ந்தால் தனியாகப் போகக் கூடாது, பத்துப் பதினைந்து வண்டி சேர்ந்தபின்தான் புறப்பட வேண்டும் என்பது அக்கால வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அச்சம் கற்பனையல்ல. 1960-இல் வினோபா பாவேயிடமும், 1972-இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனின் முயற்சியாலும் கொள்ளையர்கள் கூட்டமாகச் சரணடைந்தார்கள். பூலான் தேவி 1983-இல் சரணடைந்தார். ஆனால் கதைகளைக் கேட்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாமே கண்டது எது, தாபாவில் கேட்டது எது என்று பிரிப்பது கடினம். கொள்ளையன் ஒரு முறை வருவான் அல்லது வராமலே போவான். செக்போஸ்ட் மாமூல் ஒவ்வொரு நடையிலும் உண்டு. நினைவு பெரிதாக வைத்திருப்பது கொள்ளையனை. கணக்கு நோட்டு பெரிதாக வைத்திருப்பது மாமூலை. வரலாறு எழுதுபவர் கணக்கு நோட்டின் பக்கம் நிற்பது நல்லது.

சரி, தில்லி வந்தாயிற்று. வந்தாயிற்றா? மதுரா சாலையில் வரும் வண்டிக்குப் பதர்பூர் எல்லை. அங்கே சுங்கி என்ற நுழைவு வரி கட்ட வேண்டும். பகலில் நகருக்குள் கனரக வாகனத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே இரவு வரை எல்லையில் வரிசை. 2,300 கிலோமீட்டர் ஓடி வந்தவர், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஊர் இருக்க, வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். இரவில் உள்ளே விட்டதும் தேங்காய் ஆசாத்பூருக்கு. அந்த மண்டி 1977-இல் தொடங்கியது. மஞ்சள் காரி பாவ்லிக்கு. ஜவ்வரிசி நயா பஜாருக்கு. தீப்பெட்டி சதர் பஜாருக்கு. பழைய தில்லியின் சந்துகளுக்குள் லாரி நுழையாத இடத்தில் கைவண்டிகள் மூட்டையை ஏற்றிக்கொண்டு போகும். விடியும் முன் வெளியேறாவிட்டால் மறுபடி இரவு வரை சிறை.

டிசம்பரிலும் ஜனவரியிலும் வந்தவர்களுக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. லுங்கியும் அரைக்கைச் சட்டையுமாக வந்தவர் பானிபட் கம்பளியின் அருமையை அறிந்து திரும்பினார். பனிமூட்டத்தில் முன்னே போகும் வண்டியின் சிவப்பு விளக்கும் தெரியாது; கிளீனர் இடப்பக்கக் கதவில் தொங்கிக்கொண்டு சாலை ஓரத்தைப் பார்த்து வழி சொல்லிக்கொண்டே வருவார்.

இறக்கியபின் ஜி.டி. கர்னால் சாலையில் உள்ள சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர். ரிட்டர்ன் லோடு அங்கேதான். லூதியானா சைக்கிள், பானிபட் போர்வை, பருவத்தில் ஆப்பிள், இயந்திர உதிரிகள். தெற்கே போகும் சரக்கு குறைந்த நாட்களில் வாரக்கணக்கில் வண்டி நிற்கும். புரோக்கர் சொல்லும் வாடகையை ஒப்புக்கொள்வதா, எம்ப்டியாக ஆக்ரா வரை ஓட்டி உருளைக்கிழங்கு தேடுவதா? முடிவு ஓட்டுநருடையது. உரிமையாளரைக் கேட்க டிரங்க் கால் போட்டு அரை நாள் காத்திருக்க வேண்டும். ஊரில் ஒரு சாவு என்றால் தந்தி புக்கிங் ஆபீஸ் முகவரிக்கு வரும். வண்டி அங்கே வந்து சேரும்போது எத்தனை நாள் ஆகியிருக்கும்? தகப்பனுக்குக் கொள்ளி வைக்க முடியாமல் போனதைப் பேசும் முதியவர்கள் குரலை உயர்த்துவதில்லை. 1980-களின் இறுதியில் எஸ்.டி.டி. பூத்துகள் பெருகியபின்தான் இந்த நிலை மாறியது.

தில்லியின் லாரித் தொழிலில் பிரிவினைக்குப்பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்களின் பங்கு பெரிது. அவர்களில் சீக்கியர்கள் மிகப் பலர். 1984 அக்டோபர் 31-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டதை அடுத்த நாட்களில் தில்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய டாக்சிகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. இந்நகரின் சாலைத் தொழில் நினைவுகளைத் தொகுப்பவர் யாரும் அந்த நாட்களைத் தாண்டிக் குதிக்க முடியாது. தமிழ் லாரிகளுக்கும் வழியில் அப்படிப்பட்ட நாட்கள் வந்தன. காவிரிப் பிரச்சினையில் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் பெங்களூரில் கலவரம் வெடித்தது. 2016-இல் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. டிஎன் 28, டிஎன் 34, டிஎன் 52 என்ற எண்களைச் சேற்றைப் பூசி மறைத்து ஓட்டிய இரவுகளும் உண்டு என்கிறார்கள்.

நினைவு எதைச் சொல்லத் தயங்குகிறது? இரண்டு. ஒன்று, கிளீனர் பையன்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வண்டி ஏறி, அடி வாங்கி, ஆள் இல்லாத நேர்ச் சாலையில் நள்ளிரவில் ஸ்டியரிங் பிடித்துத் தொழில் கற்றவர்கள். ‘அடித்துத்தான் கற்றுக்கொடுத்தார்’ என்று பெருமையாகச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்றொன்று, எய்ட்ஸ். 1990-களில் நாமக்கல் வட்டாரம் எச்.ஐ.வி. அதிகம் கண்ட பகுதிகளில் ஒன்றாக இருந்தது. விழிப்புணர்வுப் பணிகள் லாரிப் பேட்டைகளைத் தேடி வந்தன. விரல்கள் ஓட்டுநர்களைச் சுட்டின; மாதக்கணக்கில் மனிதனை வீடு திரும்ப விடாத தொழில்முறையைச் சுட்டிய விரல் குறைவு. நோயை வாங்கியவர்களில் எதுவும் அறியாத மனைவிமார் பலர். அவர்கள் நினைவைக் கேட்டு எழுதாமல் லாரி வரலாறு பாதிதான்.

பிறகு என்ன மாறியது? 2010 மே மாதம் நேஷனல் பர்மிட்டுக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்ற ஒரே கட்டணம் வந்தது; டிராஃப்ட் கட்டுகள் ஒழிந்தன. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை நான்கு வழியானது. பெஞ்ச் காட்டுப் பகுதியில் விலங்குகள் கடக்கச் சாலையையே தூக்கிக் கட்டினார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் மாநில எல்லைகளின் வணிகவரிச் செக்போஸ்ட்டுகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. தில்லியைச் சுற்றிப் போகக் கிழக்கு, மேற்கு வெளிவட்ட விரைவுச் சாலைகள் 2018-இல் முழுமையாகத் திறந்தன. அப்படியானால் காத்திருப்பு தீர்ந்ததா? தீரவில்லை, காரணம் மாறியது. 2015 முதல் தில்லிக்குள் நுழையும் சரக்கு வண்டிக்கு உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம். குளிர்காலத்தில் காற்று மாசு எல்லை மீறினால் அத்தியாவசியப் பொருள் ஏற்றாத லாரிகள் பல எல்லையிலேயே நிற்கின்றன. அன்று சுங்கிக்காக நின்ற வரிசை, இன்று காற்றுக்காக நிற்கிறது.

ஓட்டுபவர் நிலை? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேரம், நெடுந்தூர ஓட்டத்தில் அதிகபட்சம் 10 மணி நேரம் என்று வரையறுத்தது. அந்தச் சட்டத்தைப் பற்றி எந்த முதிய ஓட்டுநராவது நினைவுகூர்ந்தால் அது அபூர்வம். 2023 டிசம்பரில் நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில், விபத்து நடந்த இடத்தைவிட்டுத் தப்பிச் செல்பவருக்கு 10 ஆண்டு வரை சிறை என்ற உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரி முதல் நாட்களில் நாடெங்கும் வண்டிகள் நின்றன. அந்த உட்பிரிவு நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். ஏற்கெனவே ஓடும் வண்டிகளுக்கு அது பொருந்தாது. இதற்கிடையே பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்த ஓட்டுநர்கள், அவர்கள் இந்தத் தொழிலுக்கு வராததை நஷ்டமாகச் சொல்வதில்லை. கிளீனர் வேலைக்கு ஆள் இல்லை. ஆகவே நாளைய ஓட்டுநரும் இல்லை.

அரசின் கோப்புகள் பர்மிட்டையும் வரியையும் பாதுகாத்து வைத்திருக்கின்றன. மற்றதெல்லாம் மனிதர்களிடம்தான் இருக்கிறது, அவர்களுக்கு எழுபது, எண்பது வயது. இந்த அவையில் கொங்கு நாட்டுக் குடும்பத்தவர் இருப்பார்கள். ஊருக்குப் போகும்போது அப்பா, பெரியப்பா, மாமா எவரேனும் தில்லி லோடு ஓட்டியவரானால், கைப்பேசியை எதிரில் வைத்து ஒரு பொழுது பேச விடுங்கள். பரணில் கிடக்கும் பழைய பர்மிட் புத்தகம், டிரிப் ஷீட், லோடு ரசீது, வாடகைக் கணக்கு நோட்டு எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள்.